கர்ப்பத்தில் மனச்சோர்வு, கை நிறைய மூலிகை: நான் பட்ட பாடு

எனக்குத் திருச்சி. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மூத்தவன் பிறந்த பிறகு எனக்கு டிப்ரஷன் வந்தது. மனநல மருத்துவரிடம் காட்டி, செர்ட்ரலின் மாத்திரையில் நன்றாகத் தேறி, வேலைக்கும் திரும்பியிருந்தேன். ஹைப்போதைராய்டும் (தைராய்டு சுரப்பு குறைவு) உண்டு, அதற்குக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின். மாத்திரையைப் போட்டோமா, வேலையைப் பார்த்தோமா என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை, இரண்டாவது முறை கர்ப்பமானபோது தடம் புரண்டது. அந்த நாட்களில் தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டே கிடப்பேன். தமிழில் எனக்குக் கிடைத்தது இரண்டே வகைதான். ‘மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது’ என்பார்கள் சிலர். ‘மனநல மாத்திரை போட்டால் பிள்ளை குறையோடு பிறக்கும்’ என்பார்கள் சிலர். இரண்டையும் படித்துவிட்டுக் குழம்பி நிற்கிறவளுக்கு என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ இதைப் படித்துவிட்டுச் செய்யக்கூடாத காரியம்.

ஆரம்பம் மிகச் சாதாரணமாக இருந்தது. முதல் செக்கப்புக்குப் போன அன்று நான் வழக்கமாகப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் விடுப்பில் இருந்தார். பணியில் இருந்த வேறொருவர் என் பழைய சீட்டைப் பார்த்தார். “கன்சீவ் ஆயிட்டீங்கல்ல, இனிமே இதெல்லாம் கூடாதும்மா” என்று சொல்லி, செர்ட்ரலின் என்று எழுதியிருந்த வரியின் மேல் பேனாவால் இரண்டு கோடு இழுத்தார். ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதற்காக அந்த மாத்திரை, எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறேன், முன்பு எந்த அளவுக்கு முடியாமல் போனது என்று ஒரு கேள்வி இல்லை. அதை எழுதிக் கொடுத்த மனநல மருத்துவர் சென்னைக்குப் போய்விட்டிருந்தார். கூப்பிட்டுப் பேசலாம் என்ற யோசனை வீட்டில் யாருக்கும் வரவில்லை. டாக்டரே சொல்லியாயிற்று, அதற்கு மேல் என்ன?

அந்த வாரமே தலைக்குள் ‘விருக் விருக்’ என்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் போதும், வந்துவிடும். தலைசுற்றல், எரிச்சல், காரணமில்லாத அழுகை. எல்லாவற்றுக்கும் வீட்டில் சொன்ன ஒரே பெயர் மசக்கை. இந்த வகை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். இன்னொன்றும் பிற்பாடு தெரிந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஏற்கெனவே கடுமையான மனச்சோர்வு வந்து, மாத்திரையில் தேறியிருந்த கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது, தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு. அதற்காக எல்லாரும் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லவரவில்லை. லேசான பாதிப்பு இருந்தவர்களுக்கு நிறுத்திவிட்டுப் பேச்சு சிகிச்சையோடு சமாளிக்கச் சொல்வதும் உண்டாம். ஆனால் உங்கள் சரித்திரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. மாத்திரையை எழுதியவரிடம் கேட்காமல் வேறு யார் கோடு போட்டாலும், “அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு நிறுத்துறேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளில் பழைய ஆள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. டிப்ரஷனைத்தான் சொல்கிறேன். காலையில் எழுந்து பல் தேய்க்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பேன். வாளி நிறைந்து வழியும், கை போய் மூடாது. மூத்தவன் ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருக்கும். பிள்ளை வேண்டாமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் வயிற்றைத் தடவிப் பார்க்கத் தோன்றாது. இப்படியே தூங்கிக் காலையில் எழுந்திருக்காமல் போனால் தேவலை என்று நினைத்த இரவுகள் உண்டு. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஜாடையாகச் சொன்னபோது, “ரெண்டாவதுதானே, பழகியிருக்கணுமே” என்றார் ஒரு உறவுக்காரப் பெண்மணி. வேலைக்குப் போக முடியவில்லை. பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு போட்டேன்.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், என்னைத் தான் பெற்ற பெண் மாதிரி பார்த்துக்கொள்கிறவர். நான் தூங்காமல் கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய கடைவீதியில் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்குப் பொடி வாங்கி வந்தார். “நரம்புக்கு நல்லது, நல்லா தூக்கம் வரும், எங்கம்மா காலத்துலேருந்து சாப்பிடுறது” என்று ராத்திரி பாலில் கலந்து கொடுப்பார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதல் சில நாள் தூக்கம் வந்தது. அதனால் எல்லாருக்கும் நம்பிக்கை கூடிவிட்டது. நாத்தனார் பெங்களூரிலிருந்து ஆன்லைனில் ‘மூட்’ கேப்ஸ்யூல் ஆர்டர் போட்டாள். பாட்டில் ₹1,499, மூன்று பாட்டில் வாங்கினால் ஒரு ‘வெல்னஸ் கோச்’ போனில் பேசுவார் என்று ஒரு பேக்கேஜ், அதற்குத் தனியாக ₹3,500. அதில் அசுவகந்தா, பிரம்மி, சடாமாஞ்சில் இன்னும் என்னென்னவோ. அசுவகந்தாவும் அமுக்கராவும் ஒன்றேதான். ஒரே சரக்கு பாலில் ஒரு பங்கு, கேப்ஸ்யூலில் ஒரு பங்கு என்று இரட்டிப்பாக உள்ளே போய்க்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கோச்சிடம் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னேன். “அது ஹண்ட்ரட் பர்சன்ட் நேச்சுரல் மேம்” என்று பதில் வந்தது.

கொழுந்தன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தபோது அவரும் சும்மா வரவில்லை. அங்கே மனச்சோர்வுக்குச் செடியிலிருந்து எடுத்த மாத்திரை ரொம்பப் பிரபலம் என்று டப்பா டப்பாவாகக் கொண்டு வந்தார். யோஹானிஸ்க்ரௌட் என்று அதன் மேல் போட்டிருந்தது, மஞ்சள் பூ படத்தோடு. இங்கிலீஷில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பார்கள். உள்ளே மடித்து வைத்திருந்த தாள் முழுக்க ஜெர்மன். இதெல்லாம் போதாதென்று, என் பெரியம்மா ஊர்ப்பக்கம் ஒரு வைத்தியரிடமிருந்து காகிதப் பொட்டலங்கள் வாங்கி அனுப்பினார். செம்மண் நிறத்தில் பொடி, தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டுமாம். என்ன பொடி என்று கேட்டதற்கு, “மனசு தெளியும்” என்று மட்டும் பதில். பேர் இல்லை, அளவு இல்லை. அதற்கு ₹2,200. என் கட்டில் பக்கத்து அலமாரி ஒரு குட்டி நாட்டு மருந்துக் கடை ஆகிவிட்டது. எல்லாருமே பாசத்தில்தான் கொடுத்தார்கள். அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் படபடப்பு ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.ஹெச். அடியோடு குறைந்திருந்தது. அது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால் அது குறையும். தைராக்ஸின் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று டோஸைக் குறைத்தார்கள். மறுபடி டெஸ்ட், இ.சி.ஜி., எக்கோ, ஒரு இதய மருத்துவரின் கன்சல்டேஷன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பில். தைராய்டு டோஸைக் கண்ட மேனிக்குக் குறைத்துக் கூட்டுவது கர்ப்பத்தில் சின்ன விஷயமில்லை, வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் தேவை. ஆனால் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை, ஏனென்றால் அலமாரியில் இருந்ததைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார்கள், இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பாலில் கலக்கிற பொடியும், செடியிலிருந்து எடுத்த கேப்ஸ்யூலும் டப்பாவும் மாத்திரைக் கணக்கில் வரும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைப்பதில்லை. அதனால் மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, “பொடி, கஷாயம், லேகியம், டீ, ஆன்லைன்ல வாங்குனது எதாச்சும்?” என்பது. அவர்கள் கேட்காவிட்டாலும் நாமாகவே சொல்லிவிட வேண்டும்.

கேட்டவர் ஒரு சித்த மருத்துவர். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம், எனக்கும் இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற பிக்மி பதிவு எண்ணுக்காகப் பதிவு செய்திருந்தேன். அங்கே வரும் கிராம சுகாதார செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்க, நீங்க சரியாவே இல்லையே” என்று அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அங்கே சித்தா பிரிவும் இருக்கிறது என்று கேட்டதும் அத்தைக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்கள் மருந்து சரி என்று சொல்லி அனுப்புவார்கள் என்று நினைத்து, அலமாரியில் இருந்ததை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அந்த டாக்டர் அம்மா ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்து, கேப்ஸ்யூல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்து, பொட்டலத்தைப் பிரித்து நிறம் பார்த்தார். பொட்டலத்தை மட்டும் தனியாகத் தள்ளி வைத்தார். பிறகு அத்தையைப் பார்த்து, “அம்மா, அமுக்கரா நல்ல மருந்துதான், நானே தினமும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனா மாசமா இருக்கிற பொண்ணுக்குக் கொடுக்கிறதில்ல” என்றார். அத்தைக்கு முகம் செத்துவிட்டது.

அவர் சொன்னதும், நான் பிறகு தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். அமுக்கரா பழைய காலத்தில் கருவைக் கலைக்கவும் பயன்பட்ட சரக்கு. அந்தக் காரணத்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகை நூலும் கர்ப்பத்தில் கூடாது என்கிறது. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2024-ல், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும் என்று சொன்னது. ஒரு தடவை உள்ளே போனாலே கரு கலைந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டவர்கள் பயந்து நடுங்க வேண்டாம், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொன்னால் போதும். சிக்கல் என்னவென்றால், கவலையும் தூக்கமின்மையும் குறைகிறது என்று காட்டுகிற ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. அடுத்தது, அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, தைராக்ஸின் சாப்பிடுகிற என் மாதிரி ஆளுக்கு அது இரட்டைச் சுமை. என் படபடப்புக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கர்ப்ப ஹார்மோனே டி.எஸ்.ஹெச்சைக் கீழே இழுக்கும். ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு எடுத்த டெஸ்டில் அளவு சரியாகிவிட்டது, தைராக்ஸினையும் பழைய டோஸுக்கே கொண்டுவந்தார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் எக்கோ வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

ஜெர்மன் மாத்திரை வேறு ரகம். அது வெறும் நம்பிக்கை மருந்து இல்லை, லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது என்று நிறைய ஆய்வு இருக்கிறது. வேலை செய்கிற மருந்துக்கு மருந்தின் குணம் எல்லாம் உண்டு. ஜெர்மனியிலேயே நடுத்தர மனச்சோர்வுக்கு என்று அனுமதி பெற்றவை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்குமாம். கொழுந்தன் கொண்டு வந்தது கடையில் அப்படியே எடுத்து வரக்கூடிய ரகம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டில் இருக்கும் ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைக்கிற கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். அதனால் கூடவே சாப்பிடுகிற மற்ற மருந்துகள் முழுப் பலன் தராமலே வெளியே போய்விடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களின் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 2000-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காக ஓர் எச்சரிக்கையே விட்டது. செர்ட்ரலின் போன்ற மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் செரட்டோனின் அளவுக்கு மீறிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குப் போகலாம். கர்ப்பத்தில் எப்படி என்றால், பெரிய கெடுதல் என்றும் நிரூபணமாகவில்லை, பாதுகாப்பு என்று சொல்லப் போதுமான தகவலும் இல்லை. அந்த ஜெர்மன் தாளைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது, கர்ப்பத்தில் பரிந்துரைக்கவில்லை என்று அதிலேயே தெளிவாகப் போட்டிருந்தது. டப்பாவுக்குள்ளேயே இருந்த எச்சரிக்கை! வெளிநாட்டிலிருந்து யார் எது கொண்டு வந்தாலும் முதலில் அந்தத் தாளைப் படம் பிடியுங்கள்.

காகிதப் பொட்டலம்தான் டாக்டர் அம்மாவை அதிகமாகக் கவலைப்படுத்தியது. செந்தூரம், பற்பம் என்று உலோகம் சேர்த்துச் செய்கிற மருந்துகள் நம் மருத்துவத்தில் உண்டு. முறைப்படி செய்து, படித்த மருத்துவர் கொடுத்தால் ஒரு கதை, பெயர் தெரியாத பொடி என்றால் வேறு கதை. 2011, 2012-ல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து, அவர்கள் சாப்பிட்ட இந்தியத் தயாரிப்பு ஆயுர்வேத மருந்துகள்தான் காரணம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி பிள்ளைக்குப் போகும். எனக்கும் ஈய அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும் வரை நான் பட்ட பயம் இருக்கிறதே, அதற்கு விலை போட முடியாது. நல்லவேளை, சரியாக இருந்தது.

லேபிள் பார்ப்பது எப்படி என்று அவர் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தது இன்றும் உதவுகிறது. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், ஒவ்வொரு சரக்கும் எத்தனை மில்லிகிராம் என்ற விவரம் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பெயரைப் போட்டு 14 இலக்க எண் இருந்தால் அது மருந்தே இல்லை, உணவுத் துணைப்பொருள். என் கேப்ஸ்யூல் பாட்டிலின் பின்பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று இங்கிலீஷில் இருந்தது. முன்பக்கம் சிரிக்கிற பெண்ணின் படம். ‘தனியுரிமைக் கலவை’ (இங்கிலீஷில் ‘புரோப்ரைட்டரி பிளெண்ட்’) என்று மொத்தமாக 500 மில்லிகிராம் போட்டு எது எவ்வளவு என்று சொல்லாத பாட்டிலை அந்த இடத்திலேயே வைத்துவிடலாம். குங்குமப்பூ, வல்லாரை பற்றியும் கேட்டேன். பாலில் நாலு இழை குங்குமப்பூ சமையல் அளவு, பரவாயில்லை, ஆனால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் என்று சிரித்தார். மனச்சோர்வுக்கு ஆய்வுகளில் குங்குமப்பூவைப் பெரும்பாலும் நாளைக்கு 30 மில்லிகிராம் சாரமாகக் கொடுக்கிறார்கள், அது கர்ப்பிணிகளுக்கு என்று செய்த ஆய்வு இல்லை. அள்ளிப் போட்டால் விஷம். வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுவது வேறு, சாரமாக எடுத்த கேப்ஸ்யூல் வேறு. இந்த ‘சமையல் அளவா, மருந்து அளவா’ என்ற கேள்வியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. மகப்பேறு சஞ்சீவி என்று அரசு தருகிற சித்த மருந்துப் பெட்டகம் பற்றியும் அவரிடமே கேட்டேன். எந்த மாதத்தில் எது என்று பிரித்துச் சொல்லி, என் இரும்பு மாத்திரையோடு எது இடிக்கும் என்று பார்த்துத்தான் கொடுத்தார். தெரிந்தவர் கொடுப்பதற்கும் பாசத்தில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அதே கட்டடத்தில் மனநலப் பிரிவுக்கு அவரே சீட்டு எழுதி அனுப்பினார். அங்கே ஒரு பத்துக் கேள்வித் தாள் கொடுத்தார்கள், எடின்பரோ அளவுகோல். பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வுக்காக 1987-ல் உருவாக்கியது, கர்ப்பத்திலும் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் இருக்கிறது. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘சில நேரம்’ என்று டிக் அடித்ததும் அழுகை வந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று அத்தனை நாளாகக் காத்திருந்திருக்கிறேன் போல. சுற்றி யாராவது கர்ப்பிணி சோர்ந்து கிடந்தால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

செர்ட்ரலினை உடனே தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். முடியாது என்றார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் உடம்பை விட்டுப் போக இரண்டு வாரம் விடச் சொன்னார்கள். எந்த மருந்தும் இல்லாத அந்த இடைவெளிதான் இந்தக் கதையிலேயே கொடுமையான காலம். வீட்டுக்காரர் ராத்திரி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கூடவே இருந்தார். மாத்திரை டப்பாக்களையும் பூச்சி மருந்தையும் பூட்டி வைக்கச் சொன்னார்கள், வைத்தார். ஒரு நாள் நள்ளிரவில் தாங்க முடியாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டேன். 24 மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலேயே பேசினார்கள். எடுத்த பெண் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு வீட்டுக்காரரையும் எழுப்பிப் பேச வைத்தார்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். ஆபத்தே இல்லை என்று அந்த டாக்டரும் சொல்லவில்லை. கர்ப்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட மனச்சோர்வு மருந்துகளில் செர்ட்ரலின் ஒன்று. பெரிய பிறவிக் குறைபாடுகள் கூடுவதாகத் தெளிவாகத் தெரியவில்லை. கடைசி மாதங்களில் சாப்பிட்டால் சில குழந்தைகள் பிறந்த சில நாள் நடுங்கும், அதிகம் அழும், பால் குடிக்கத் திணறும், அபூர்வமாக நுரையீரல் ரத்த அழுத்தப் பிரச்சினை வரலாம். இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, மருத்துவம் பார்க்காத மனச்சோர்வால் தாய் சாப்பிடாமல் தூங்காமல் போவது, குறைமாதப் பிரசவம், தற்கொலை எண்ணம் எல்லாவற்றையும் இன்னொரு தட்டில் வைத்து, “நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். மூலிகை பற்றி இப்படிக் கெட்டதும் நல்லதும் சேர்த்து யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. சந்தேகம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வயிறு கலங்கிக்கொண்டேதான் போனேன்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேப்ஸ்யூல், கோச், பொட்டலம், தேவையில்லாமல் எடுத்த டெஸ்டுகள், ஆட்டோ காசு எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல். சம்பளமில்லா விடுப்பு தனி. செர்ட்ரலின் வெளியே ஒரு அட்டை நூறு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும், அரசு மருத்துவமனையில் எனக்கு அதுவும் செலவாகவில்லை. திறக்காத பாட்டில்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். ‘பாலிசி இல்லை’ என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு திறக்காத பாட்டிலுக்கு மட்டும் வந்தது, கோச் காசு போனது போனதுதான். கர்ப்பத்தில் தரலாம் என்று கோச் எழுத்தில் சொன்ன வாட்ஸப் செய்தியை வைத்திருந்ததால்தான் அவ்வளவாவது கிடைத்தது. மருந்து விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பாமல் எழுதச் சொல்லுங்கள். மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் 1800-180-3024-ல் தெரிவிக்கலாம், இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் வரும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது, கட்டணமில்லை.

வீட்டில் எப்படிச் சமாளித்தேன் என்று தோழிகள் கேட்கிறார்கள். அத்தையிடம் “உங்க மருந்து தப்பு” என்று சொல்லியிருந்தால் ஒரு வருஷம் பேச்சு இருந்திருக்காது. அவர் நம்புகிற மருத்துவத்தின் டாக்டர் வாயாலேயே அதைக் கேட்டது பெரிய காரியமாகிவிட்டது. அதனால் மூலிகை கொடுக்கிற பெரியவர்களையும் செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள், முடிந்தால் அரசு சித்தா பிரிவுக்கே. சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பிறகு நான் செய்தது, போனில் ஒரு ஆல்பம். வாயில் போகிற ஒவ்வொன்றின் லேபிளும் அதில் இருக்கும், கஷாயம் என்றால் சரக்குகளின் பெயர் எழுதிய சீட்டு. மகப்பேறு, மனநலம், தைராய்டு என்று யாரைப் பார்த்தாலும் முதலில் அந்த ஆல்பத்தைக் காட்டுவேன். லேபிள் இல்லாத பொருளுக்கு அந்த ஆல்பத்தில் இடமில்லை, ஆகவே வாயிலும் இடமில்லை என்று வீட்டில் சட்டம். அத்தையே இப்போது உறவுக்காரர்களிடம், “போட்டோ எடுத்து அனுப்பு, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்” என்கிறார்.

இளையவள் நிறைமாதத்தில் பிறந்தாள். நான் செர்ட்ரலின் சாப்பிடுவது குழந்தை மருத்துவருக்கு முன்பே தெரியும் என்பதால், அவள் முதலில் கொஞ்சம் கை நடுங்கியபோது யாரும் பதறவில்லை. கண்காணிப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், தானாகச் சரியாயிற்று. பால் கொடுத்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்ந்தேன், தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகத்தான் போகும் என்றார்கள். பிரசவ லேகியம் வந்தது, ஆல்பத்துக்குப் போய் அனுமதியோடு திரும்பியது. பிள்ளை வளர்ப்பான் என்று வசம்பும் வந்தது. சில வகை வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டிருக்கிறது என்று படித்ததைச் சொன்னேன். குழந்தை டாக்டரும், வாயில் வைக்க வேண்டாம் என்றார். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைக் கயிற்றில் கோத்துத் தொட்டில் கம்பில் கட்டிவிட்டார்.